கட்டும் கையும் அவிழ்க்கும் கையும்: முடிச்சு மந்திரத்தின் வரலாறு

மந்திர வழக்கங்களுள் மிகக் குறைந்த பொருட்செலவில் செய்யக்கூடியது முடிச்சு மந்திரம். பலிபீடமோ அரிய மூலிகையோ எழுத்தறிவோ அதற்குத் தேவையில்லை. கயிறு, கம்பளி நூல், ஆடையின் நாடா, தலைமயிர் என வளையக்கூடிய எதுவும் போதும். கட்டுகிறவர் தம் எண்ணத்தைச் சொல்லாகச் சொல்லியோ, மூச்சாக ஊதியோ, எச்சில் துப்பியோ முடிச்சின் வளையத்துக்குள் செலுத்தி, அது வெளியேறும் முன் இறுக்கிவிடுகிறார். முடிச்சு இருக்கும்வரை அந்த எண்ணமும் உள்ளே அடைபட்டிருக்கும் என்பதே நம்பிக்கையின் அடிப்படை. இதைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் கட்டுவதை விளக்கியதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் கருத்தில் அது பாதிதான். நான்காயிரம் ஆண்டு வழக்கத்தில் கிடைத்துள்ள சான்றுகளைத் தொடர்ந்து படித்தால், இந்த மந்திரத்தின் உயிர் அவிழ்ப்பதில்தான் இருக்கிறது என்பது புலப்படும். அவிழ்க்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்விதான் நோய் தீர்க்கும் கயிற்றையும் செய்வினைக் கயிற்றையும் வெவ்வேறாக்குகிறது.

மிகத் தெளிவான தொடக்கச் சான்றுகள் மெசொப்பொத்தாமியாவின் களிமண் ஏடுகளில் உள்ளன. அக்காடிய மொழி மருத்துவ நூல்களில், பல நிறக் கம்பளி இழைகளை முறுக்கி, ஏழு முடிச்சுகள் இட்டு, நோயாளியின் தலையிலோ கையிலோ கட்டும் முறை திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முடிச்சு இடும்போதும் மந்திரத்தைச் சொல்ல வேண்டும் என்று மருத்துவருக்கான குறிப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. அதே சமூகம், பகைவர் இட்ட முடிச்சுக்கு அஞ்சியும் வாழ்ந்தது. கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டில் முழு வடிவம் பெற்ற 'மக்லூ' என்ற சடங்குத் தொகுப்பில் சூனியத்தை முறிப்பதற்கென்றே ஏறத்தாழ நூறு மந்திரங்கள் இருக்கின்றன. கோடையின் உச்சத்தில் வரும் ஆபு மாதத்தில் இரவு முழுவதும் நடந்த அந்தச் சடங்கில், சூனியக்காரியின் உருவங்கள் தீயிலிடப்பட்டன. அவள் இட்ட முடிச்சுகள் அவிழ்ந்துவிட்டன, அவள் செய்தவை அழிந்துவிட்டன என்று உரக்க அறிவிக்கப்பட்டது. அதற்கு இணையான 'ஷுர்பு' சடங்கில் நோயாளி வெங்காயத்தைத் தோல் தோலாக உரித்துத் தீயில் போடுகிறார், பாயின் பின்னலைப் பிரித்துப் போடுகிறார், கம்பளியைப் பிய்த்துப் போடுகிறார். உரிந்த தோல் மறுபடி வெங்காயத்தோடு சேராதது போல, பிரிந்த பின்னல் மறுபடி பாயாகாதது போல, தம்மைப் பற்றிய சாபமும் மறுபடி சேரக்கூடாது என்பது வேண்டுதல்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'மக்லூ' சூனியக்காரி எழுதியது அல்ல. அவளை எதிர்த்தவர்கள் எழுதியது. தீங்கு செய்யும் முடிச்சை யார் எப்படிக் கட்டினார்கள் என்பதைக் கட்டியவர் வாயால் நாம் கேட்பதே இல்லை. பாதிக்கப்பட்டதாக நம்பியவர், அதை நீக்க முயன்ற பூசகர், பின்னாளில் விசாரித்த நீதிபதி ஆகியோர் வழியாகத்தான் கேட்கிறோம். இந்தச் சாய்வை மறந்துவிட்டு வரலாற்றைப் படித்தால், அச்சத்தின் பதிவைச் செயலின் பதிவாக எடுத்துக்கொள்ளும் பிழை நேரும்.

எகிப்தில் முடிச்சின் முகம் பெரும்பாலும் காக்கும் முகம்தான். ஏழு முடிச்சு இட்ட மெல்லிய கயிறுகள் காப்பாக அணியப்பட்டன. ஐசிஸ் தேவியின் முடிச்சு எனப்படும் 'தியெத்' என்ற உருவத்தைச் செந்நிற ஜாஸ்பர் கல்லில் செதுக்கி இறந்தவரின் கழுத்தில் இட வேண்டும் என்று, 'இறந்தோர் நூல்' எனப்படும் தொகுப்பின் 156ஆம் மந்திரம் விதிக்கிறது.

கிரேக்க, ரோமானிய எழுத்துகளுக்கு வரும்போது காதல், பேறு, காயம், அரசு ஆகிய அனைத்திலும் முடிச்சு நுழைந்துவிடுவதைக் காண்கிறோம். ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் எட்டாம் முல்லைப் பாடலில், நகரத்துக்குப் போன காதலன் தாஃப்னிஸைத் திரும்ப வரவழைக்க ஒரு பெண் வசியம் செய்கிறாள். மூன்று நிற நூல்களை அவனது உருவத்தைச் சுற்றிக் கட்டி, பீடத்தை மூன்று முறை வலம் வந்து, பணிப்பெண்ணிடம் மூன்று முடிச்சு இடச் சொல்கிறாள். முடிச்சிடும்போது 'வீனஸின் கட்டுகளைப் பின்னுகிறேன்' என்று சொல்லும்படியும் ஏவுகிறாள். நிறம், எண், உருவம், சொல் ஆகிய நான்கும் ஒரே செயலில் சேர்வதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் பழைய பகுதி எனக்குத் தெரிந்து வேறில்லை. இது கவிதைதான், செய்முறைக் கையேடு அல்ல. ஆனால் வாசகர்களுக்குப் பழக்கமான வழக்கத்தைத் தொடாமல் இப்படியொரு காட்சியை எழுதியிருக்க முடியாது.

மகப்பேறு குறித்த நம்பிக்கைதான் முடிச்சின் தருக்கத்தை மிக நன்றாக விளக்குகிறது. மற்றொரு ரோமானியக் கவிஞரான ஓவிட் சொல்லும் கதையில், ஹெர்குலிஸைச் சுமந்த அல்க்மேனாவுக்கு ஏழு நாள் பேறுவலி நீடிக்கிறது. பேற்றுத் தெய்வமான லூசினா, தேவர்களின் அரசி ஜூனோவின் பகைமைக்குத் துணைபோய், வாசலருகே கால்மேல் கால் போட்டு, விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கோத்த விரல்களே ஒரு முடிச்சாகிக் குழந்தையை வெளியே வரவிடாமல் தடுக்கின்றன. பணிப்பெண் கலாந்திஸ் ஓடிவந்து, பிள்ளை பிறந்துவிட்டது என்று பொய்யாக வாழ்த்துச் சொல்ல, திகைத்த தெய்வம் துள்ளி எழுந்து கைகளைப் பிரிக்கிறாள். அந்தக் கணமே ஹெர்குலிஸ் பிறக்கிறான். இது வெறும் கதையாக நின்றுவிடவில்லை. கர்ப்பிணியின் அருகிலோ மருந்து கொடுக்கப்படும் நோயாளியின் அருகிலோ விரல்களைக் கோத்துக்கொண்டு உட்காருவது செய்வினை என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதுகிறார். போர்த்தலைவர்களும் அதிகாரிகளும் கூடும் அவைகளில் அவ்வாறு அமர்வதை முன்னோர் தடுத்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஜூபிடரின் தலைமைப் பூசகர் உடலில் எங்குமே முடிச்சு இருக்கக்கூடாது என்று ரோமானிய எழுத்தாளர் ஆலுஸ் கெல்லியுஸ் பதிவு செய்திருக்கிறார். தலையணியிலும் இல்லை, இடைக்கச்சையிலும் இல்லை. விலங்கிடப்பட்ட ஒருவர் அந்தப் பூசகரின் வீட்டுக்குள் வந்துவிட்டால் அவர் விலங்கு கழற்றப்பட வேண்டும்; கழற்றிய விலங்கைக் கூரை வழியே ஏற்றித் தெருவில் இறக்கிவிட வேண்டும். வாழ்வையும் வளத்தையும் தம் உடலால் காத்து நிற்பவரிடம் எதுவும் தடைபடக்கூடாது என்ற எண்ணமே இந்த விதியில் தெரிகிறது.

அதே ஹெர்குலிஸின் பெயர் தாங்கிய முடிச்சு, குணமாக்கும் முடிச்சாகவும் இருந்தது. காயத்துக்கான கட்டை ஹெர்குலிஸ் முடிச்சால் கட்டினால் வியக்கத்தக்க விரைவில் ஆறும் என்கிறார் பிளினி. ரோமானிய மணமகளின் இடைக்கச்சையிலும் இதே முடிச்சுதான். அதை மணமகன் அவிழ்க்க வேண்டும். வலது நுனி இடதின் மேலும், பிறகு இடது நுனி வலதின் மேலுமாக இரு கண்ணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் எளிய முடிச்சு அது. தட்டையாகக் கிடப்பதால் தோலை உறுத்தாது, இழுத்தாலும் எளிதில் நழுவாது, வேண்டும்போது ஒரு நுனியைப் பிடித்து இழுத்து அவிழ்த்துவிடலாம். முதலுதவி வகுப்புகளில் முக்கோணக் கட்டுத்துணியை இன்றும் இந்த முடிச்சால்தான் கட்டச் சொல்லித் தருகிறார்கள். பிளினி சொன்ன பலனில் ஒரு பகுதி முடிச்சின் அமைப்பிலிருந்தே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மந்திரம் என்று ஒதுக்கப்படுவதற்குள் இப்படிக் கைத்திறன் ஒளிந்திருப்பதைக் கவனிக்காமல் போவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி.

குர்ஆனின் 113ஆம் அத்தியாயம், முடிச்சுகளில் ஊதுபவர்களின் தீங்கிலிருந்து இறைவனிடம் பாதுகாவல் தேடச் சொல்கிறது. மந்திரத்தின் செயல்முறையை, அதாவது கயிறு, முடிச்சு, மூச்சு என்ற மூன்றையும், இந்த ஒரு வசனம் அடக்கியிருக்கிறது. மதீனாவில் லபீத் இப்னு அல்-அஃஸம் என்பவர் நபிகள் நாயகத்துக்கு எதிராகச் சீப்பையும் அதில் சிக்கிய முடியையும் கொண்டு சூனியம் செய்து கிணற்றில் மறைத்துவைத்தார் என்று ஹதீஸ் தொகுப்புகள் கூறுகின்றன. அந்தப் பொருளில் பதினொரு முடிச்சுகள் இருந்தன என்றும், 113, 114 ஆகிய இரு அத்தியாயங்களின் பதினொரு வசனங்களும் ஒவ்வொன்றாக ஓதப்பட ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது என்றும் விளக்கவுரைகளில் சொல்லப்படுகிறது. இந்தச் செய்தியை ஏற்காத இஸ்லாமிய அறிஞர்களும் இருந்தார்கள். நம் பொருளுக்கு முக்கியமானது, மறுமுடிச்சு இடுவது இங்கே தீர்வாகச் சொல்லப்படவில்லை என்பது. ஓதுதல்தான் அவிழ்க்கிறது, கட்டியவரைத் தேடிப் பழிவாங்குவதும் அந்தச் செய்தியில் இல்லை.

ஐரோப்பாவின் இடைக்காலத்தில் முடிச்சு படுக்கையறைக்குள் புகுந்து சட்டச் சிக்கலானது. மணமக்கள் கூடமுடியாதபடி ஒரு நாடாவில் முடிச்சிட்டு மாப்பிள்ளையின் ஆண்மையைக் கட்டிவிடலாம் என்ற அச்சம் திருச்சபையையே பதில் சொல்ல வைத்தது. 860ஆம் ஆண்டில், அரசர் இரண்டாம் லோதரின் மணமுறிவு வழக்கைப் பற்றி எழுதிய ரீம்ஸ் பேராயர் ஹிங்க்மார், சூனியத்தால் வரும் ஆண்மைத் தடையை மெய்யானதாக எடுத்துக்கொண்டு வழி சொன்னார். ஏறத்தாழ 1140இல் கிராஷியன் தொகுத்த திருச்சபைச் சட்டம் அவர் வாசகத்தை ஏற்றது: பாவ அறிக்கை, தானம், நோன்பு, பேயோட்டல் எல்லாம் செய்தும் பயனில்லை என்றால் இருவரும் பிரியலாம். 1486இல் வெளிவந்த 'மல்லேயுஸ் மலேஃபிக்காரும்' என்ற சூனிய வேட்டை நூல் இதே அச்சத்தை மிகக் கொடிய திசையில் வளர்த்தது.

பதினாறாம் நூற்றாண்டுப் பிரான்சில் இது ஒரு தொற்றைப் போலப் பரவியது. ஆண்களின் காற்சட்டையை மேலாடையோடு பிணைக்கும் நாடாவே கருவி. பாதிரியார் மணமக்களை ஆசீர்வதிக்கும் அதே நேரத்தில் தேவாலயத்தில் யாரோ ஒருவர் நாடாவில் முடிச்சிட்டு விடுவார் என்று அஞ்சினார்கள். இதைச் செய்ய ஐம்பதுக்கு மேற்பட்ட முறைகள் இருப்பதாகத் தமக்குச் சொல்லப்பட்டது என்று சட்ட அறிஞர் ஜான் போதேன் 1580இல் எழுதினார். சூனியக்காரர்களைத் தண்டிக்க வேண்டும் என்பதே அவர் நூலின் நோக்கம். 1590களில் மொன்பெலியே நகரில் மருத்துவம் பயின்ற தோமஸ் பிளாட்டர், இந்த அச்சத்தாலேயே மக்கள் ஊரறியத் திருமணம் செய்யாமல் மறைவாகச் செய்துகொள்வதைக் குறித்துவைத்தார்.

போதேன் எழுதிய அதே காலத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் எழுதிய கட்டுரைகளில், இதே நோயைப் பற்றி முற்றிலும் வேறான ஒரு பார்வை கிடைக்கிறது. முடிச்சுக்கு அஞ்சிய நண்பர் ஒருவரின் திருமண இரவில், மொந்தேனிடம் வானியல் உருவங்கள் பொறித்த ஒரு பொன் தகடு இருந்தது. தலைவலிக்கும் வெயிலின் கொடுமைக்கும் காப்பு எனப்பட்ட அந்தத் தகடு ஒரு நாடாவில் தைக்கப்பட்டிருந்தது. தடை நேர்ந்தால் எனக்குச் சைகை காட்டு என்று முன்பே சொல்லிவைத்தார். சைகை வந்தது. தனியே ஒதுங்கிப்போய்க் குறிப்பிட்ட வேண்டுதலை மூன்று முறை சொல்லி, ஒவ்வொரு முறையும் அந்த நாடாவை இடுப்பில் சுற்றித் தகடு முதுகின் கீழ்ப்பகுதியில் படும்படி வைத்து, கடைசியில் அது அவிழவோ நகரவோ முடியாதபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு துணிவோடு திரும்பிப்போ என்று அறிவுறுத்தினார். பலித்தது. தகட்டில் ஒன்றும் இல்லை, அச்சம்தான் கட்டு, அச்சம் நீங்குவதே அவிழ்ப்பு என்று மொந்தேனுக்குத் தெரியும். ஆனால் அவர் நண்பனிடம் தருக்கம் பேசி நேரத்தை வீணாக்கவில்லை. கற்பனை கட்டிய முடிச்சைக் கற்பனையாலேயே அவிழ்த்தார். ஒருவர் மரணதண்டனை கேட்டு எழுதிய காலத்திலேயே மற்றொருவர் இவ்வளவு கனிவோடும் அறிவோடும் நடந்துகொண்டார் என்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழவைக்கிறது.

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில் இன்னும் எளிய வழி இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை, திருமணச் சடங்குக்குச் சற்று முன் மணமக்களின் உடையிலுள்ள காலுறைப் பட்டி, காலணிக் கயிறு என எல்லா முடிச்சுகளையும் தளர்த்திவிடுவார்கள். வடக்கே ஷெட்லாந்திலும் ஓர்க்னியிலும் சுளுக்குக்குக் கருப்புக் கம்பளி நூலில் ஒன்பது முடிச்சு இட்டுக் கட்டும் வழக்கம் இருந்தது. அப்போது சொல்லப்பட்ட வாசகம், குதிரையின் கால் பிசகியதையும் எலும்போடு எலும்பு, நரம்போடு நரம்பு சேர்ந்ததையும் சொல்வது. பத்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியில் கிடைத்த ஜெர்மானிய மெர்ஸபுர்க் மந்திரத்தின் (அதுவும் குதிரையின் கால் பிசகைத் தீர்ப்பதே) உறவு அதில் தெளிவாகத் தெரிகிறது.

காற்றைக் கட்டும் முடிச்சுகளே இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படுபவை. கிரேக்கக் காவியமான ஒடிசியில் காற்றுகளின் காவலன் ஏயோலுஸ் காற்றுகளை ஒரு தோற்பைக்குள் அடைத்து வெள்ளிக் கயிற்றால் கட்டித் தருகிறான். அதை அவிழ்த்த மாலுமிகள் கரை தெரியும் தூரத்திலிருந்து திரும்பவும் நடுக்கடலுக்குத் தள்ளப்படுகிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் செஸ்டர் மடத்துத் துறவி ரானுல்ஃப் ஹிக்டென், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் (Man) தீவின் பெண்கள் மூன்று முடிச்சிட்ட நூலில் மாலுமிகளுக்குக் காற்றை விற்கிறார்கள் என்று எழுதினார். எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவு முடிச்சை அவிழ்க்க வேண்டும். 1555இல் ரோமில் அச்சான ஓலாவ்ஸ் மாக்னுஸின் வடநாட்டு வரலாறு அந்த மூன்றையும் தரம் பிரிக்கிறது: முதல் முடிச்சை அவிழ்த்தால் இதமான காற்று, இரண்டாவதை அவிழ்த்தால் வேகமான காற்று, மூன்றாவதை அவிழ்த்தால் பாயை இறக்கக்கூட நிற்கமுடியாத புயல். பாய்மரக் காலத்தில் காற்றில்லாமல் துறைமுகத்தில் நாள் கணக்கில் காத்துக்கிடப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணினால், அந்த வாணிகத்தின் தேவை புரியும். இங்கே அவிழ்க்கும் உரிமை காசு கொடுத்து வாங்கப்படுகிறது. கட்டியவள் கரையில் நிற்கிறாள். முடிச்சைத் தொடும் பொறுப்பு கப்பலில் இருப்பவருடையது.

அந்தப் பொறுப்பு எப்போதும் அங்கேயே நிற்கவில்லை. 1617ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், நோர்வேயின் வடகோடியில் வார்டோ அருகே திடீரென எழுந்த புயலில் பத்துப் படகுகளும் நாற்பது ஆண்களும் மடிந்தனர். சிறிய மீன்பிடிச் சமூகத்துக்கு அது தாங்கமுடியாத இழப்பு. 1621இல் நடந்த விசாரணையில், நீர்ச்சோதனைக்கு (நீரில் இட்டு, மிதந்தால் குற்றவாளி எனக் கொள்ளும் சோதனை) ஆளாக்கப்பட்ட எல்சே க்னூட்ஸ்டாட்டர் என்ற பெண், தாங்கள் ஒரு மீன்பிடிக் கயிற்றை மூன்று முறை முடிந்து, அதன்மேல் துப்பி, பிறகு அவிழ்த்ததாகவும், உடனே கடல் சாம்பல் எழுவது போல் எழுந்து மக்கள் மடிந்ததாகவும் வாக்குமூலம் கொடுத்தாள். முடிச்சு, எச்சில், மூன்று, அவிழ்ப்பு என எல்லாமே அதில் பொருந்திவருகின்றன. பொருந்திவருவதுதான் நம்மைத் தடுத்து யோசிக்க வைக்க வேண்டும். கடலோரத்தில் எல்லோரும் அறிந்திருந்த ஒரு கதையே துன்புறுத்தலின் கீழ் ஒரு பெண்ணின் வாயிலிருந்து குற்றமாக வெளிவந்தது. வார்டோ அடங்கிய பின்மார்க் பகுதியில் பதினேழாம் நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்த இத்தகைய விசாரணைகளில் 91 பேர் கொல்லப்பட்டனர். 2011இல் வார்டோவில் திறக்கப்பட்ட ஸ்டைல்னெசெட் நினைவகத்தில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு சாளரமும் ஒரு விளக்கும் இருக்கின்றன. முடிச்சு மந்திரத்தை அழகான பழைய வழக்கமாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தவிர்த்துவிடக்கூடாது.

பொருளாகவே கையில் கிடைத்த சான்றுகள் மிகக் குறைவு. கிடைத்தவையும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல. அவற்றுள் புகழ்பெற்றது இங்கிலாந்தின் சோமர்செட் மாவட்டத்து வெலிங்டனில் 1878இல் அகப்பட்ட கயிறு. ஒரு பழைய வீட்டை இடித்தபோது, உள்ளிருந்து செல்ல வழியில்லாத கூரை இடுக்கில் ஆறு துடைப்பங்களும் ஒரு பழைய நாற்காலியும் அதோடு ஏறத்தாழ ஐந்தடி நீளக் கயிறும் இருந்தன. கயிற்றின் புரிகளுக்கு இடையே பறவை இறகுகள் குறுக்காகச் செருகப்பட்டிருந்தன. ஒரு நுனியில் கண்ணி இருந்தது. வேலையாட்கள் அதைச் 'சூனியக்காரியின் ஏணி' என்றார்கள். 1887இல் நாட்டார் வழக்காற்று இதழ் ஒன்று இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட, அண்டை வீட்டாரின் பசுக்களிலிருந்து பாலை இழுக்க உதவிய கயிறாக இருக்கலாம் என வழக்காற்றியல் அறிஞர் ஃப்ரேசர் ஊகித்தார். மானிடவியலாளர் டைலர் அதே ஆண்டு மான்செஸ்டரில் ஓர் அறிஞர் அவையில் அதைக் காட்டியபோது, கூட்டத்தில் இருந்த இருவர் எழுந்து, இது மான்களை மிரட்டி ஓட்டக் கட்டும் இறகுக் கயிறு என்றனர். டைலர் அதன்பின் அதைச் சூனியப் பொருள் என உறுதியாகச் சொல்லத் தயங்கினார். 1911இல் அது ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்துக்குச் சென்றது.

ஐயம் அறிஞர்களோடு நின்றுவிட்டது; கதை மட்டும் பரவியது. 1892இல் அமெரிக்க நாட்டார் வழக்காற்று எழுத்தாளர் லேலண்ட், இத்தாலியில் இறகு செருகிய 'சூனியக்காரிகளின் மாலை' இருப்பதாக எழுதினார். அடுத்த ஆண்டு ஆங்கில எழுத்தாளர் பேரிங்-கூல்ட் தம் நாவலில், ஒரு முதியவள் பல நிற நூலில் சேவல் இறகுகளை முடிந்து, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நோவைக் கட்டி, அதைக் குளத்தில் மூழ்கடிப்பதாகக் காட்சி அமைத்தார். இன்று செய்முறை நூல்களில் காணும் இறகும் மணியும் நாற்பது முடிச்சுமான 'ஏணி' இந்த எழுத்துகளின் வழித்தோன்றல் என்பதே என் முடிவு. அதனால் அது போலி ஆகிவிடாது. வழக்கங்கள் எழுத்திலிருந்து பிறப்பதும் உண்டு. ஆனால் அதைப் பண்டைய மரபு என்று சொல்லக்கூடாது.

இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் செசில் வில்லியம்சன் ஒரு சூனிய அருங்காட்சியகத்தை, காற்று விற்ற பெண்களைப் பற்றி ஹிக்டென் எழுதிய அதே மான் தீவில் திறந்தார். அங்கே பணியாற்றி, பின் அதன் உரிமையாளரான ஜெரால்ட் கார்ட்னர் 1954இல் வெளியிட்ட நூலோடு விக்கா என்ற புதிய சமயம் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அந்தச் சமயத்தில் கயிற்றுக்குப் பல வேலைகள் உண்டு: தீக்கை பெறுபவரைக் கயிற்றால் கட்டி அழைத்துவருவார்கள், அவர் உயரத்தையும் தலை, மார்புச் சுற்றளவுகளையும் நூலால் அளந்து முடிச்சிட்டு வைப்பார்கள், வட்டம் வரையவும் கயிறே அளவுகோல். தனியாகச் செய்பவர்களிடையே மிகவும் பரவியிருப்பது ஒன்பது முடிச்சு முறை. முதல் முடிச்சு ஒரு நுனியில், இரண்டாவது மறு நுனியில், மூன்றாவது நடுவில். நான்காவதும் ஐந்தாவதும் நடுவுக்கும் இரு நுனிகளுக்கும் இடைப்பட்ட இடங்களில். எஞ்சிய நான்கும் மிச்சமுள்ள இடைவெளிகளில். ஒவ்வொன்றுக்கும் ஓர் எதுகை வரி சொல்லப்படுகிறது. எண்ணம் சிதறாமல் ஒன்பது முறை ஒரே பொருளுக்குத் திரும்பிவரச் செய்வதில் இந்த ஒழுங்குக்குப் பயன் இருக்கிறது; கை ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கும்போது மனம் நிலைப்பது செபமாலை உருட்டுபவர்களும் அறிந்ததே.

அவிழ்ப்பது குறித்து இன்றைய வழிகாட்டிகள் ஒரே குரலில் பேசுவதில்லை. நாளொன்றுக்கு ஒரு முடிச்சாக, கட்டிய வரிசையிலேயே அவிழ்க்க வேண்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஒன்பதையும் அவிழ்க்காமல் எரித்துவிடவோ புதைத்துவிடவோ வேண்டும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். முதல் வழி காற்று விற்ற பெண்களின் முறைக்கு நெருக்கமானது: சக்தி சேமிக்கப்பட்டு, தேவைக்கேற்ப விடுவிக்கப்படுகிறது. இரண்டாவது, கட்டை நிலையாக்கிவிடும் பழைய செய்வினையின் தருக்கம். எதைத் தேர்ந்தாலும், இன்று கட்டுபவரே பெரும்பாலும் தமக்காகக் கட்டி, தாமே அவிழ்க்கிறார். மக்லூவின் பூசகருக்கும் வார்டோவின் நீதிபதிக்கும் இதில் இடமே இல்லை.